அக்காவுக்கு எடுத்த கோடிச் சேலை

1

இன்றோடு என் அக்கா இறந்து ஓராண்டு. நேற்று மாலை அவருடன் தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலி பரவாயில்லை என்றார். மழை விடாமல் பெய்வதால் லயத்துக் கூரை மறுபடி ஒழுகத் தொடங்கிவிட்டது என்றார்.

பத்திரிகையில் வேலை பார்த்தவன் இப்படி இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எழுதினால் ஆசிரியர் பீடத்தில் திட்டு விழும். ஆனால் இரண்டும் சரி. அக்கா பார்வதி, இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில், கணவரோடும் இருமலோடும் இருக்கிறார். ஊர் உலகமெல்லாம் முகத்தையும் செய்தியையும் போட்டுப் பழகும் ஓர் இணையத்தளத்தில், அவர் பெயரில் உள்ள பக்கத்தில், அவர் இறந்துவிட்டார். இன்று காலை அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். 'ஆண்டு ஒன்று போனாலும் உங்கள் சிரிப்பு மறக்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓராண்டாகியும் எனக்கு அந்த அதிர்ச்சி தெளியவில்லை. அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதிவைக்கிறேன்.

2

எங்கள் குடும்பம் மூன்று நாடுகளில் இருக்கிறது. பெரியவர் அண்ணன் ராமையா. இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. அக்காவின் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஆகவே அக்கா இலங்கையில், அண்ணன் இந்தியாவில். தலைமன்னாரில் கப்பல் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் அண்ணன் பதுளை ஸ்டேசனில் ரயிலேறினார். அந்த ரயிலை ஊரில் அழுகைக் கோச்சி என்றார்கள். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்த இடம் நீலகிரியில் கூடலூர். அங்கும் தேயிலைதான்.

நான் கடைக்குட்டி. தொண்ணூறுகளில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பதுளை நிருபராக இருந்தேன். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஜேர்மனிக்கு வந்தேன். இப்போது டோர்ட்முண்ட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை.

கடிதங்கள் சில வருடம் ஓடின, பிறகு நின்றன. கல்யாணம், சாவு என்றால் தொலைபேசிக் கடையிலிருந்து இரண்டு நிமிடம். இப்படியே போய்க்கொண்டிருந்த எங்களை மறுபடி சேர்த்துவைத்தது அந்த இணையத்தளம்தான். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். அக்காவின் மகன் சுரேஷ் பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் 'கொமினிகேஷனில்' வேலை செய்கிறான். தொலைபேசி, போட்டோ கொப்பி, இரண்டு கணினிகள். அவன்தான் அம்மாவுக்கு ஒரு பக்கம் திறந்தான். நாங்கள் எழுதுவதைத் தாளில் அச்சிட்டுச் சனிக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவான். அக்கா சொல்லும் பதிலைத் திங்கட்கிழமை கடைக்கு வந்து தட்டச்சு செய்வான். ஆகவே என் அக்கா உலகத்தோடு பேசுவது திங்கட்கிழமைகளில். கூடலூரில் அண்ணனின் மகன் கணேசன் ஞாயிறுகளில் இணைய நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்வான்.

கணினியில் முழுநேரமும் இருந்தது என் மகள் மதுரா ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய தாய் யாழ்ப்பாணம். பதுளைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவரின் மகள். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளும் யாழ்ப்பாணம். ஆகவே தோட்டத்தில் பிறந்த எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் பேசும் பிள்ளை. "என்னா தம்பி, ஒம்மக வைத்தியலிங்கம் டீச்சர் மாதிரியே பேசுது" என்று ஒருமுறை அக்கா திங்கட்கிழமைப் பதிலில் எழுதச் சொல்லியிருந்தார். அவர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அத்தையின் மகனை, முறைமாப்பிள்ளையை, மதுரா 'சுரேஷ் அண்ணா' என்பாள். அதற்கும் அக்கா ஒரு வாரம் சிரித்தார்.

3

அன்று திங்கட்கிழமை. சமையலறையில் இடைவேளை. கனடாவில் இருக்கும் மணியம் அழைத்தான். நானும் அவனும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"என்னடா, அக்கா போனத ஒரு வார்த்த சொல்லலியே" என்றான்.

"எந்த அக்கா?"

"பார்வதி அக்காடா. ஊரே எழுதிக்கிட்டு இருக்கு. நீ என்னா, வேலையிலயா நிக்கிற?"

மேற்பார்வையாளரிடம் போய் விடுப்புக் கேட்டேன். நல்ல பெண். உடன்பிறந்தவர் இறந்தால் இங்கே விடுப்பு உண்டு என்றும், மரணச் சான்றிதழைப் பிறகு தந்தால் போதும் என்றும் சொன்னார். "இறந்துவிட்டாரா?" என்று கேட்டார். தமிழில் 'இறந்துவிட்டாராம்' என்று சொல்லியிருப்பேன். அதை எப்படிச் சொல்வதென்று என் ஜேர்மன் மொழிக்குத் தெரியவில்லை. 'இணையத்தில் இறந்துவிட்டார்' என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்.

கணினியைத் திறந்தேன். அக்காவின் படம். சுரேஷ் எடுத்த நல்ல படம். வலது கையில் கொழுந்துக் கூடையின் கயிறு. படத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் செவ்வந்தி மாலை. மாலை நிஜம் போலவே வளைந்து கழுத்தில் விழுந்திருந்தது. கீழே இரண்டு குத்துவிளக்குகள், சுடர் அசைந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே அனுதாபங்கள் நீண்டுகொண்டே போயின. முதலாவதை எழுதியவன் மணியம். அடுத்தது கூடலூர் கணேசன். பிறகு குவைத், இத்தாலி, சென்னை, கொழும்பு.

ஒரு பழக்கத்தில் நான் முதலில் தேடியது செய்தி எங்கிருந்து வந்தது என்பதை. படத்தைப் போட்டிருந்தவர் பெயர் மேலே இருந்தது. மதுரா. என் மகள்.

எல்லோரும் ஏன் சந்தேகப்படவில்லை என்பது அப்போது விளங்கியது. தம்பியின் வீட்டிலிருந்தே வந்த செய்தி. அதைவிட நம்பகமான இடம் உலகத்தில் ஏது? எனக்கும் அதே நியாயம்தான் உறைத்தது. வார இறுதியில் எனக்கு வேலை. சுரேஷ் மகளிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் சொல்லப் பயந்து இப்படிச் செய்திருக்கிறாள். சுரேஷின் எண்ணை அழுத்தினேன். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மகள் பள்ளியிலிருந்து வரும்வரை என் அக்கா எனக்கு இறந்தே இருந்தார்.

4

"ஏன் அப்பா அழுறீங்கள்?" என்று வாசலிலேயே நின்றாள்.

"அத்தை போயிட்டாங்களா? சுரேஷ் என்னா சொன்னான்?"

"எங்க போனவா?"

படத்தைக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"வடிவா இருக்குதெல்லே? நாளைக்கு அத்தைக்குப் பிறந்தநாள். சுரேஷ் அண்ணா இண்டைக்குக் கடையில பாப்பார் எண்டு சனிக்கிழமையே போட்டனான். பூ இலவசம், விளக்குக்கும் காசில்லை."

கீழே எழுதியிருந்தவற்றை அவள் வாசிக்கவில்லையா என்று கேட்டேன். வாசித்ததாகச் சொன்னாள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றால் அன்போடு வாழ்த்துவது என்று நினைத்திருக்கிறாள். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஓர் இதயப் படமும் போட்டிருக்கிறாள்.

நான் சுவரைக் காட்டினேன். அங்கே என் அப்பாவின் படம் மாலையோடு இருக்கிறது. "படத்துக்கு மாலை போட்டா என்னா அர்த்தம்னு தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "அப்பப்பாவை உங்களுக்கு நல்ல விருப்பம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதாலதானே மாலை போட்டிருக்கிறீங்கள். பிள்ளையாருக்கும் போட்டிருக்கிறீங்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. "நான் பிழை விட்டிட்டனோ?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இந்த வீட்டில் மாலை போட்ட படங்கள் இரண்டு. இரண்டையும் நாங்கள் கும்பிடுகிறோம். அதில் ஒருவர் கடவுள், மற்றவர் இறந்தவர், இறந்தவருக்கு மட்டுமே மனிதரில் மாலை என்று யாரும் அவளுக்கு வாய்திறந்து சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. லயத்தில் பிறந்தவனுக்கு அது காற்றில் இருந்தது. டோர்ட்முண்ட் காற்றில் இல்லை.

மகள் படத்தை அழித்தாள். அதற்குள் பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். சிலர் தங்கள் கைவண்ணமாக இன்னொரு மாலையும் சேர்த்திருந்தார்கள். அக்காவின் பக்கத்தைத் திறந்தபோது மேலே ஒரு வரி இருந்தது: இவர் காலமானதாக நண்பர்கள் அறிவித்திருக்கிறார்கள், இப்பக்கம் நினைவாகப் பேணப்படும்.

5

கணேசனை அழைத்து, அத்தை உயிரோடுதான் இருக்க வேண்டும், இது பிள்ளை செய்த வேலை என்றேன்.

"அப்பா காலையில வெள்ளனயே கெளம்பிட்டாரு சித்தப்பா."

"எங்க?"

"ராமேஸ்வரத்துக்கு. அத்தைக்குக் காரியம் பண்ண. கோடியும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது வரும்வரை தோட்டத்தில் பிணத்தை எடுக்கமாட்டார்கள். அதை ஆள்வசம் கொடுத்தனுப்புவதில்லை. கையில் கொண்டுவர வேண்டும். நமுனுகுலவுக்கு வர வழியில்லாத அண்ணன், தான் கப்பலில் வந்திறங்கிய கரையில் நின்று அந்தச் சேலையை இலங்கைப் பக்கம் பார்த்துக் கடலில் விடுவதென்று முடிவு செய்திருக்கிறார். கைத்தொலைபேசி அவரிடம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஏதாவது பூத்திலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நமுனுகுல லயங்களில் தொலைபேசி எடுக்காது. மேலே கோயில் வளைவுக்கு ஏறி வந்தால்தான் கோடு தெரியும். தொடர்பு கிடைக்காததால் சுரேஷ் ஊரில்தான் இருக்க வேண்டும், மாலையில் அங்கே ஏறி வருவான் என்று நினைத்தேன். குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மிஸ்ட் கோல் வந்தது. வெள்ளிக்கிழமை இடியில் கடையின் மோடம் எரிந்துவிட்டதால் அவன் ஊரிலேயே இருந்திருக்கிறான். எதையும் பார்க்கவில்லை. அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

"என்னா தம்பி அவசரம்? அடுப்புல சோறு கெடக்கு" என்றார் அக்கா, மூச்சிரைத்தபடி.

கைத்தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னா சத்தத்தக் காணோம்? அழுவுறியா? யாரு செத்தா?"

"நீதாங்க்கா."

"எப்ப?"

மணியமும் கேட்கவில்லை, கணேசனும் கேட்கவில்லை, குவைத்தும் இத்தாலியும் கேட்கவில்லை. செத்தவர்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்தார். கைத்தொலைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"யாரு யாரு எழுதிருக்காங்க? படி."

படித்தேன்.

"குவைத்துல இருந்து ராசாத்தியா? எங்க வீட்டுக்குப் பின்னால கானு வெட்டித் தண்ணியத் திருப்பி விட்டுட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனவ. என்னா எழுதிருக்கா?"

"'என் அன்புச் சகோதரியே'ன்னு."

"அப்ப கான மூடச் சொல்லு."

அண்ணனைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கோயில் வளைவில் மழை விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

"எள்ளுந் தண்ணியும் எறைச்சுட்டானா?"

"நாளைக் காலையிலதான் போய்ச் சேருவாரு."

"உசுரோட இருக்கவளுக்கு எறைக்கக் கூடாது தம்பி. அதுவும் கூடப் பொறந்தவன் கையால. என்னய வந்து கூப்புட்டுக்கிட்டுப் போயிரும்." பிறகு, "அவனுக்கும் தெரிஞ்சா தாங்கமாட்டான். தங்கச்சியத் தானே கொன்னுட்டேன்னு கெடப்பான். எப்படியாச்சும் நிறுத்து" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் எழுபது வயதை நெருங்கும் அண்ணனை எனக்குத் தெரியும். அவர் கூப்பிட்டால் காரியத்தை நிறுத்தச் சொல் என்று கணேசனை மறுபடி அழைத்துச் சொன்னேன்.

6

மறுநாள் காலை வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கணேசன் அழைத்தான். அப்பா பூத்திலிருந்து கூப்பிட்டாராம்.

"முடிஞ்சுச்சா?" என்றேன்.

"இல்ல சித்தப்பா. ஐயரு திதி கேட்டிருக்காரு. அத்தை எந்த நாளு, எத்தன மணிக்குப் போனாங்கன்னு. அப்பாவுக்குச் சொல்லத் தெரியல. அதக் கேக்கத்தான் போன் போட்டாரு. உசுரோட இருக்காங்கன்னு சொன்னேன். நம்பமாட்டேங்குறாரு. பூத்துலயே நிக்கச் சொல்லிருக்கேன்."

பூத்தின் எண்ணைக் கேட்டு வீட்டுத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, நீயாச்சும் உண்மையச் சொல்லு" என்றார் அண்ணன். "எத்தன மணிக்குப் போச்சு? ஐயரு காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"அக்கா இருக்காங்கண்ணே."

"பயலும் அதத்தான் சொல்றான். எனக்கு மனசு தாங்காதுன்னு நெனைக்கிறீங்க. நான் தாங்கிக்குவேன். திதிய மட்டும் சொல்லு."

கைத்தொலைபேசியில் சுரேஷை அழைத்தேன். விடிந்ததிலிருந்து அக்கா கோயில் வளைவில் குடையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு கருவிகளையும் தலைகீழாகத் திருப்பி, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மதுரா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே" என்றார் அக்கா.

பஸ் ஹோர்ன் சத்தம்.

"அண்ணே, நாந்தான்."

"பாப்பாவா?"

"ஆமா. தலைமுடிய எடுத்துட்டியா?"

"இல்ல. ஐயரு திதி கேட்டாரு. தெரியல."

"நல்லவேள."

பிறகு ஒரு வயதானவர் விக்கி அழும் சத்தம் வந்தது. இடையில் யாரோ, அந்த ஐயராக இருக்க வேண்டும், என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணன் சொன்ன பதில் புரியவில்லை.

"எதுக்கு அழுவுற? செத்திருந்தா அழுவலாம்" என்றார் அக்கா. அவர் குரலும் சரியாக இல்லை. "கோடி எடுத்தியாம்ல. என்னா கலரு?"

"பாப்பா, அதெல்லாம் கேக்காத."

"என்னா கலருண்ணே?"

"அரக்கு. பச்சக் கரை."

"என்னா பண்ணப் போற?"

"கடல்ல விட்டுட்டுப் போறேன்."

"விடாத. எங்கல்யாணத்துக்கு அப்பறம் நீ எனக்கு ஒரு சேல எடுத்தது கெடையாது. கப்பல் ஏறுன, அதோட சரி. செத்தாத்தான் எடுப்பேன்னா, அதான் செத்தாச்சே. கொண்டு வா."

"கோடிய உசுரோட இருக்கவ கட்டக் கூடாது பாப்பா."

"அப்ப இன்னொரு வாட்டி சாகவா?"

என் தொலைபேசி அட்டையில் பணம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. மதுரா உள்ளே போனாள்.

7

தொண்ணூறுகளில் தோட்டங்களிலிருந்து மரண அறிவித்தல்கள் என் மேசைக்கு வரும். கிராம சேவகரின் கடிதமோ ஆஸ்பத்திரித் துண்டோ இல்லாமல் கொழும்பு அலுவலகம் போடாது. அதற்கும் முன்னால், லயம் லயமாக நடந்து கேதம் சொல்லப் போகிறவர் வாசலில் நின்றபடியே மூன்று விஷயம் சொல்வார்: யார், எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். ஒரு வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். என் அக்காவின் மரணத்துக்கு அனுதாபம் எழுதிய அத்தனை பேரில் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. போகப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வி எதற்கு?

திருத்தம் எழுதினேன். படமும் போட்டேன், மாலை இல்லாமல். 'கடவுளுக்கு நன்றி' என்று ஒரு சிலர் எழுதினார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. பத்திரிகையில் தவறு வந்தால் அதே பத்திரிகை, அதே வாசகர் கைக்கு மறுநாள் திருத்தத்தோடு போகும். இங்கே செய்தியைக் கொண்டுபோனவர்களுக்குத் திருத்தத்தைக் கொண்டுபோக ஆசை இல்லை. சாவுக்கு இருந்த வேகம் உயிருக்கு இல்லை.

பக்கத்தைத் திறந்துதரும்படி தளத்துக்கு எழுதினோம். அரசாங்கம் வழங்கிய அடையாளம் கேட்டார்கள். அக்காவின் அடையாள அட்டையின் படத்தை அனுப்பினோம். வாசிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. அட்டை சிங்களத்தில் இருந்தது. பதிலில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை. சுரேஷ் கிராம சேவகரிடம் போய், அம்மா உயிரோடு இருப்பதாக ஒரு கடிதம் கேட்டான். ஓய்வூதியத்துக்கா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை, இணையத்துக்கு என்றதும், அது எந்த இலாகாவின் கீழ் வருகிறது என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

"விடு தம்பி" என்றார் அக்கா. "இந்த நாட்டுக்காரின்னு ஒத்துக்க வைக்கவே எங்களுக்கு அம்புட்டு வருசமாச்சு. இப்ப உசுரு இருக்குன்னு இவனுங்ககிட்ட வேற போய் நிக்கணுமா?"

இந்தத் தளங்கள் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன் இன்னொரு தளம் இருந்தது. பதுளை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பலர் அதில் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருந்தோம். ஒருநாள் மூடிவிட்டார்கள். என் அப்பா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்ற ஒரே படம் அதோடு போனது. இப்போது மதுராவின் தோழிகள் இந்தத் தளத்தையும் விட்டு வேறொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். "அதில இப்ப வயசான ஆக்கள்தான் அப்பா" என்கிறாள். எல்லோரும் போன பிறகும் அங்கே என் அக்கா இறந்தவராகவே இருப்பார். அல்லது யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த, இறந்தவராகக்கூட இல்லாமல் போவார். எங்கள் மூன்று வீடுகளும் இத்தனை காலம் கூடி உட்கார்ந்து பேசிய இடம் எங்களுடையது அல்ல என்பது, அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வயதில், பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு, அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

8

அண்ணன் கூடலூருக்குத் திரும்பி, சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு, புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். பொலிஸ் விசாரணை, பிறந்த இடம் இலங்கை என்பதால் மறுபடி ஒரு விசாரணை என்று மாதங்கள் போயின. இலங்கையில் போர் முடிந்து, பாதைகளில் சோதனைகள் குறைந்த பிறகு வந்தார். சுரேஷ் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தான். பதுளை ரயிலில் வழி முழுவதும் அந்தப் பொதியை மடியிலிருந்து இறக்கவில்லை என்றான்.

மீதி சுரேஷ் சொன்னது. வெளியூர்ப் பெரியவர் ஒருவர் புதுச் சேலைப் பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லயத்துப் பாதையில் வருவதைப் பார்த்ததும் பெண்கள் வாசல்களுக்கு வந்து நின்றார்கள். அப்படி ஒருவர் வந்தால் என்ன அர்த்தம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கோடி கொண்டுவருகிறவன் அழுதுகொண்டு வர வேண்டும். உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்து வந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும். அதைத் தவிர அந்த நேரத்துக்கு வேறு பேச்சு யாருக்கும் தெரியாது. அவர் மழைத் தூறலில் நின்றுகொண்டே இருந்தார்.

அக்கா வெளியே வந்தார்.

"ஒப்பாரி வைக்கிறதுன்னா வச்சுட்டு வாண்ணே. டீ ஆறுது."

அன்று மாலை அவர்கள் கோயில் வளைவுக்கு ஏறி வந்து என்னை அழைத்தார்கள். அக்கா அந்தச் சேலையைக் கட்டியிருந்தார். மதுரா தொலைபேசியை வாங்கி, ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டாள்.

"வேணாந் தங்கம்" என்றார் அக்கா. "பாக்கணும்னா வந்து பாரு."

பிறகு நான் வாங்கி, சேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"துணி மட்டம்" என்றார். "செத்தவ என்னா கேக்கப் போறான்னு எடுத்திருக்கான்."

பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"அழுதுகிட்டே எடுத்தது தம்பி. கண்ணுக்கு எந்தத் துணி தெரிஞ்சுச்சு?"